மொறிஸ் மைனரின் முற்சில்லு: ஒரு செய்முறைப் பாடம்

ஊரிலே தேர்த்திருவிழா வந்தால், தேரின் சிகரத்தையும் சித்திரவேலையையும் அண்ணாந்து பார்ப்போர் பலர். வடம் பிடிக்குமுன் குனிந்து அச்சையும் அச்சாணியையும் பார்ப்பவர் ஆசாரியார் ஒருவரே. உருவிற் சிறிதாகிய அச்சாணியை வைத்துத் திருவள்ளுவர் ஓர் அறத்தையே நிறுவினார். அவ்வுண்மை மரத்தேருக்கு மட்டுமன்றி, எம் வீதிகளில் இன்னும் ஓடித்திரியும் பழைய மோட்டார்க் கார்களுக்கும் பொருந்தும் என்பதை நாம் சென்ற ஆண்டு பட்டறிந்துகொண்டோம். அவ்வறிவு எம்மோடு நின்றுவிடாதிருத்தற்பொருட்டு, யூபிலி மலரின் ஆசிரியர் தந்த பக்கங்களை ஒரு செய்முறைப் பாடமாக எழுதப் பயன்படுத்துகின்றோம். பௌதிகம் பயிலும் மாணவருக்கு இது பாடநூலின் ஓரதிகாரத்துக்கு உரையாகலாம். பழைய கார் வைத்திருக்கும் அன்பருக்கு எச்சரிக்கையாகலாம்.

யாழ்ப்பாணமும் மைனரும்

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் சிமிர்னாத் துறைமுக நகரிற் பிறந்து, இங்கிலாந்து சென்று பொறியியல் பயின்றவர். பின்னாளில் மினி என்னுஞ் சிறு காரை வகுத்துப் பெரும்புகழ் பெற்றவரும் அவரே. மொறிஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த நஃபீல்ட் பிரபு மைனரின் உருவத்தைக் கண்டு, நீரில் அவித்த முட்டை போலிருக்கின்றதென இகழ்ந்தார் என்பர். அந்த முட்டைதான் 1971வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டு உலகெங்குஞ் சென்றது.

எம் குடாநாட்டிலும் அது ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலியவற்றோடு வந்து குடியேறியது. வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் எம் ஒழுங்கைகளுக்கு அதன் ஒடுங்கிய உடலும் இலகுவான சுக்கானும் மிகவும் இசைந்தன. 1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. புதுக் கார்கள் முடங்கின. அழுத்தவிகிதம் குறைந்த பழைய எஞ்சின்களோ மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வித்தையை அக்காலத்துச் சிறுவரும் அறிந்திருந்தனர். 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, முதியோரையும் நோயாளரையும் சுமந்த வாகனங்களுள் இப்பழைய கார்களும் இருந்தன. 2002 சித்திரையில் ஏ9 பாதை திறக்கப்படும்வரை அவை எம்மைக் கைவிடவில்லை.

அக்காலத்து எம்மவரின் திறமையை எத்துணைப் புகழினும் தகும். ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். அத்திறமையிற் பெரும்பகுதி எஞ்சினுக்கே செலவாயிற்று. எஞ்சின் கெட்டாற் கார் நின்றுவிடும். நின்ற காரை யாவருங் கவனிப்பர். முற்சில்லைத் தாங்கும் உறுப்போ கெட்டுக்கொண்டே ஓடும். ஓடுகின்ற காரை யார் கவனிப்பார்?

நேர்ந்தது

எம் கல்லூரியின் மூத்த பழைய மாணவர் ஒருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மைனர் 1000 ஒன்றை வைத்திருக்கின்றார். இடப்பெயர்வின்போது தம் தாயாரையும் பிள்ளைகளையும் கொடிகாமம்வரை கொண்டுசென்ற கார் என்பதால், அதனை விற்க அவருக்கு மனமில்லை. சென்ற ஆண்டு தைமாதம் அதற்கு வர்ணம் பூசுவித்தார். கார் கண்ணாடிபோல் மின்னிற்று. ஓடுதற்குத் தகுதியானதோவென்று பார்த்துச் சொல்லும்படி எம்மைக் கேட்டார். பழைய கார்களில் ஈடுபாடுள்ள நாம் நால்வர் சென்றோம். அடிச்சட்டத்தின்கீழ் ஜக் வைத்து முற்பக்கத்தை உயர்த்தினோம். சில்லின் தலையையும் அடியையும் இரு கைகளாற் பிடித்து ஆட்டினோம். அசைவு தோன்றவில்லை. "நல்லாய் இருக்குது, சேர்" என்று கூறி, தேநீரும் அருந்தி வந்தோம்.

மூன்று கிழமை கழிந்தது. அவருடைய மகள், தம் சிறுமகனை முன்னிருக்கையில் இருத்திக்கொண்டு, பலாலி வீதியால் வந்து திருநெல்வேலிச் சந்தியிலே சந்தைப் பக்கமாகத் திரும்பினார். அப்போதிருந்த வேகம் மாட்டுவண்டியின் வேகமே. திடீரென ஓர் ஓசை. இடப்பக்க முற்சில்லு மட்காட்டின்கீழ் மடிந்து சரிய, காரின் மூக்கு தாரிலே முட்டி நின்றது. சிறுவனின் நெற்றி முன்பலகையிலே பட்டது. மூன்று தையல் போடவேண்டியதாயிற்று. சந்தையில் மரக்கறி விற்றோரும், அவ்வழியாற் சென்ற பல்கலைக்கழக மாணவரும் கைகொடுத்துக் காரைத் தூக்கி ஓரத்தில் விட்டனர். ஐந்து நிமிடத்துக்கு முன் அதே வீதியில் ஒரு பஸ்ஸை முந்தி வந்ததாக அப்பெண்மணி பின்னர் எமக்குக் கூறினார். நாம் ஒன்றும் பேசவியலாது நின்றோம்.

அயலிலே முன்னர் கராஜ் நடத்தி இப்போது ஓய்ந்திருக்கும் முதியவர் ஒருவர் வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் அடியைக் குனிந்து பார்த்தார். நாம் எங்ஙனம் சோதித்தோம் என்று விசாரித்தார். சொன்னோம். அவர் கடியவில்லை.

"தம்பிமார், நீங்கள் சில்லைத் தூக்கிப் பாத்தனீங்கள். பாரத்தைத் தூக்கிப் பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை ஐயா" என்றோம்.

அவ்வினாவின் பொருளை விரித்துரைப்பதே இனிவரும் பாடமாகும்.

உறுப்புக்களும் அவற்றின் தொழிலும்

சில்லு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும். உடல் அவ்வாறு குலுங்கலாகாது. ஆதலின் உடலுக்கும் சில்லுக்கும் இடையே ஒரு வில் வேண்டும். சில்லை நிலைதவறாது பிடித்திருக்கக் கைகள் வேண்டும். வில்லின் ஆட்டத்தை அடக்க ஒரு கருவி வேண்டும். சில்லு திரும்புதற்கு ஓர் அச்சும் வேண்டும். இந்நான்கும் சேர்ந்ததே முற்சில்லின் தாங்கமைப்பு. தேருக்கு இவை இல்லை. ஆதலாற்றான் தேர் அசைந்தாடி வருகின்றது.

மைனரில் ஒவ்வொரு முற்சில்லுக்கும் இவ்வமைப்புத் தனித்தனியே உண்டு. கீழே இரு பாதிகளாகச் செய்து இணைத்த கை ஒன்று அடிச்சட்டத்திலிருந்து சில்லை நோக்கி நீள்கின்றது. இதனைக் கீழ்க் கை என்போம். மேலே இருக்கும் மேற் கை வேறெதுவுமன்று. எண்ணெய் நிரம்பிய சொக் அப்சோபரின் நெம்பே மேற் கையாகவும் வேலை செய்கின்றது. இவ்விரு கைகளின் நுனிகளுக்கும் இடையே நிமிர்ந்து நிற்பது கிங்பின். சில்லின் அச்சு அதனோடு பொருந்தியுள்ளது. கிங்பின்னின் இரு முனைகளிலும் திருகுபுரி வெட்டப்பட்டுள்ளது. அப்புரிகள் திறனியன் எனப்படும் இரு புரிக்கூடுகளுள் திருகப்பட்டு, அக்கூடுகள் மேற் கையிலும் கீழ்க் கையிலும் பூட்டப்பட்டிருக்கின்றன. சாரதி சுக்கானைத் திருப்பும்போது, கிங்பின் இக்கூடுகளினுள்ளே தன் புரியின்வழி சிறிதளவு திருகுண்டு திரும்புகின்றது. சுரையும் ஆணியும் இறுக்கிவிட்டபின் அசையாதிருத்தற்கு ஆனவை. இப்புரியோ வாழ்நாள் முழுவதும் பாரத்தோடு திரும்பிக்கொண்டிருத்தற்கு ஆனது. இவ்வேறுபாட்டை மாணவர் மனங்கொள்க.

வில்லாக அமைந்தது முறுக்குத்தண்டு. இது காரின் நீளப்போக்கில் முன்னிருந்து பின்னோக்கிக் கிடக்கும் ஓர் உருண்டை உருக்குத்தண்டு. அதன் பின்முனை முன்னிருக்கைகளின் அடியிலுள்ள குறுக்குச்சட்டத்தில் அசையாது பூட்டப்பட்டுள்ளது. முன்முனை கீழ்க் கையோடு பற்களாற் பிணைந்துள்ளது. சில்லு மேலெழும்போது கீழ்க் கை துலாவைப் போல் எழுந்து தண்டை முறுக்குகின்றது. முறுக்குண்ட தண்டு மீள முயன்று சில்லைக் கீழே தள்ளுகின்றது.

இங்கே பௌதிகப் பாடம் ஒன்று உண்டு. உருண்டைத் தண்டொன்றின் முறுக்க விறைப்பு அதன் நீளத்துக்கு நேர்மாறாகவும், விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு நேராகவும் மாறும். விட்டம் நூற்றுக்குப் பத்துக் கூடினால் விறைப்பு நூற்றுக்கு நாற்பத்தாறு கூடும். துருவினால் விட்டம் முழுநீளத்துக்கும் நூற்றுக்கு ஐந்து குறைந்தால், விறைப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு போய்விடும். மேலும், முறுக்கத்தால் உண்டாகும் தகைப்பு தண்டின் நடுவிற் பூச்சியமாயும் புறத்தில் உச்சமாயும் இருக்கும். ஆகையால் இத்தண்டின் மேற்பரப்பில் உளியாலோ சுத்தியலாலோ ஏற்படும் சிறு கீறலும் பிளவுக்கு வித்தாகலாம். துணியாற் சுற்றியே இதனைக் கையாளவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பாரம் செல்லும் வழி

முதியவரின் வினாவுக்கு இப்போது வருவோம். காரின் பாரம் எவ்வழியாற் சில்லை அடைகின்றது? உடலின் பாரம் முறுக்குத்தண்டுக்கும், தண்டிலிருந்து கீழ்க் கைக்கும், அதிலிருந்து கீழ்ப் புரிக்கூட்டுக்கும் செல்கின்றது. அக்கூடு கிங்பின்னின் அடிமுனையிலே தொங்குகின்றது. கிங்பின்னைச் சில்லின் அச்சு நிலத்திலிருந்து தாங்குகின்றது. ஆகவே பாரம் கிங்பின்னின்மேல் அமர்ந்திருக்கவில்லை. அதன் அடியிலே தொங்கிக்கொண்டிருக்கின்றது. கூட்டைப் பின்னிலிருந்து கீழே உருவியெடுக்க முயலும் இழுவிசை இரவும் பகலும் ஓய்வதில்லை. அதனை மறித்து நிற்பது அப்புரி ஒன்றே.

இவ்விசையின் அளவை எம் கமக்காரர் கணக்கிற் கூறலாம். மைனரின் நிறை ஏறக்குறைய 15 அந்தர். அதிற் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு முற்சில்லுக்களுக்கு வரும். ஆகவே ஆட்களின்றி நிற்கும்போதே ஒவ்வொரு கீழ்ப்புரியிலும் நான்கு அந்தர் அளவான பாரம் தொங்குகின்றது. நான்கு அந்தர் வெங்காயத்தை விரற்பருமனான ஒரு திருகாணியின் புரியிலே தொங்கவிட்டு, அத்திருகாணியை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே, இடையிடையே உலுப்பியும் விட்டால் எப்படியோ, அப்படி. குழியில் விழும்போது உண்டாகும் அடியோ இதனிற் பன்மடங்கு.

புரிகளுக்கிடையே கிறீஸ் இருக்குமாயின் உருக்கு உருக்கோடு உரசாது. புரி நெடுங்காலம் நிலைக்கும். கிறீஸ் வற்றினாற் கூட்டினுள் தூசி புகும். எம் மண்ணிற் சுண்ணாம்புக்கல்லின் தூள் மிகுதி. கோடையில் அது புழுதியாய்ப் பறந்து புரியை அரத்தைப்போல் அராவும். மாரியில் வீதிகளில் நிற்கும் வெள்ளம் எஞ்சிய கிறீஸையும் கழுவிச் செல்லும். இங்ஙனம் தேயும் புரியின் முடி நாளடைவில் மெலிந்து கத்திவாய்போற் கூர்மையாகும். அந்நிலையிலும் கார் ஓடும். ஒரு முறைப்பாடும் கூறாது. ஒருநாள் எஞ்சிய முடிகள் மடிந்துவிட, கூடு கழன்று, சில்லு சரியும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதே இது நேர்கின்றது என்பது பல நாடுகளிலும் மைனர் வைத்திருப்போர் கண்டது. அதை நம்பி அமைதியுற்றிருப்பது பேதைமை.

சோதிக்கும் முறை

நாம் செய்த பிழை என்ன? அடிச்சட்டத்தின்கீழ் ஜக் வைத்தோம். அப்போது சில்லு தொங்கும். ஆயினும் முறுக்குத்தண்டு கீழ்க் கையைத் தொடர்ந்து கீழே தள்ளிக்கொண்டேயிருக்கும். புரியின் தேய்ந்த பக்கங்கள் ஒன்றோடொன்று இறுகியே நிற்கும். எவ்வளவு ஆட்டினும் இடைவெளி வெளிப்படாது. சில்லைத் தூக்கினோமேயன்றி, புரியிலிருந்து பாரத்தைத் தூக்கவில்லை. வர்ணம் பூசும்போது புதிதாகத் திணித்த தடித்த கிறீஸும் எஞ்சிய ஆட்டத்தை மறைத்தது.

சரியான முறை இது. ஜக்கைக் கீழ்க் கையின் அடியில், இயன்றவரை சில்லுக்கு அண்மையில், ஒரு மரத்துண்டை இடைவைத்து நிறுத்துக. சில்லு நிலத்தைவிட்டு ஓரங்குலம் எழும்வரை உயர்த்துக. இப்போது தண்டின் விசையை ஜக் ஏற்றுக்கொள்ளும், கீழ்ப்புரி பாரமற்றிருக்கும். டயரின் அடியில் நீண்ட கம்பியொன்றைக் கொடுத்து, ஒருவர் சில்லை மேலும் கீழுமாக நெம்புக. மற்றொருவர் கீழ்ப் புரிக்கூடும் கிங்பின்னும் சேருமிடத்தில் விரலை வைத்துப் பார்க்க. ஒன்று அசைய மற்றது அசையாதிருப்பின் அப்புரி தேய்ந்தது. ஐயமெழின் கூட்டைக் கழற்றிப் பழைய கிறீஸை மண்ணெண்ணெயாற் கழுவி, புரியின் முடியைக் கண்ணாற் காண்க. கூர்மையான முடி தீய குறியாகும்.

வலப்பக்கத்துச் சில்லையும் இம்முறையாற் சோதித்தோம். அதுவும் ஆடிற்று. மூன்று கிழமைக்கு முன் "நல்லாய் இருக்குது" என்று நாம் கூறிய சில்லு அது.

கழற்றல்

இரு பக்கத்தையும் புதுப்பிக்கத் தீர்மானித்து, உயர்தர வகுப்பு மாணவர் அறுவரையும் சேர்த்துக்கொண்டோம். முதியவர் கதிரையில் அமர்ந்து மேற்பார்வை செய்தார்.

முதல் விதி, ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காரின்கீழ் போகலாகாது. அடிச்சட்டத்தை உறுதியான தாங்கிகளில் அமர்த்தவேண்டும். இரண்டாவது விதி, முறுக்குத்தண்டு நாணேற்றிய வில் என்பதை மறக்கலாகாது. மேற் கையை விடுவிக்குமுன் கீழ்க் கையின் அடியில் வேறொரு ஜக் இருக்கவேண்டும். மேற் புரிக்கூட்டின் ஊசியைக் கழற்றியபின், அந்த ஜக்கை மெல்லமெல்ல இறக்கினால் தண்டு தன் முறுக்கை அமைதியாக விடும். இதனைப் பொருட்படுத்தாதவரின் கையை அது முறித்துவிடும்.

தடுப்புத் தட்டை அதன் எண்ணெய்க்குழாயிலே தொங்கவிடலாகாது. கம்பியாற் கட்டித் தாங்கவேண்டும். கீழ்க் கையை முன்னோக்கிப் பிடித்திருக்கும் இழுதண்டைக் கழற்றியபின், கையின் இரு பாதிகளையும் பிரிக்கலாம். கழற்றிய ஒவ்வோர் உறுப்பிலும் இடம், வலம் என்று குறித்து வைத்தோம். இது வெறும் ஒழுங்கிற்காகச் செய்ததன்று. இடப்பக்கத்துப் புரியும் வலப்பக்கத்துப் புரியும் எதிரெதிராக வெட்டப்பட்டவை, மாறிப் பொருந்தா. முறுக்குத்தண்டும் ஒரு திசையில் முறுக்குண்டு பழகியபின் மறுபக்கத்துக்கு உதவாது.

சொக் அப்சோபரை நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருந்தோம். சாய்த்தால் உள்ளே காற்று புகும். அதன் நெம்பை முழுத்தூரமும் மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது, தடை ஒரேசீராயிருத்தல் வேண்டும். இடையிலே வெறுமையாய் நழுவினால் எண்ணெய் குறைந்துள்ளது. அதற்கென வகுத்த எண்ணெயை மேலுள்ள துளையால் நிரப்பி, காற்று நீங்கும்வரை நெம்பை ஆட்டவேண்டும். எமக்குக் கிடைத்தவற்றில் ஒன்று இவ்வாறு தேறியது. மற்றது அச்சடியில் ஒழுகியமையால் மாற்றப்பட்டது.

ஒட்டுவதா, மாற்றுவதா?

கிங்பின் இரண்டும் கீழ்ப் புரிக்கூடு இரண்டும் பயனற்றவை என்று கண்டோம். புதியவற்றை இங்கிலாந்திலிருந்து தருவிக்கவேண்டும். மைனரைப் பேணுவோர் அங்கு மிகப் பலராதலின், இவ்வுறுப்புக்கள் இன்றும் செய்யப்படுகின்றன. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையத்தின் முயற்சியால் இலங்கையிலேயே இக்காருக்குரிய தகட்டுறுப்புக்கள் செய்யப்பட்டதையும் இங்கு நினைவுகூரலாம். ஆயினும் எமக்கு வேண்டியவை வந்துசேரப் பல கிழமை செல்லும் என அறிந்தோம்.

ஆசிரியரின் இளைய மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரே செல்லவேண்டுமென்பது வீட்டாரின் ஆசை. கடைசல் வேலை செய்யும் ஒருவர், தேய்ந்த புரியின்மேல் உருக்கை ஒட்டி நிரப்பி, மீண்டும் புரி வெட்டித் தரலாம், இரண்டு நாளில் முடியும் என்றார். போர்க்காலத்தில் எத்தனையோ உறுப்புக்களை அவ்வாறு பிழைக்கவைத்த கைகாரர் அவர். எமக்குள்ளும் இருவர் அதற்கு இசைந்தனர்.

நாம் முடிவில் மறுத்தோம். கிங்பின் அடித்து வடித்த உருக்கு, வெப்பத்தாற் பதப்படுத்தப்பட்டது. ஒட்டும்போது எழும் கடுஞ்சூடு ஒட்டிடத்துக்கு அயலிலுள்ள உருக்கின் பதத்தை மாற்றும். விரைவாக ஆறும்போது அது நொறுங்குந் தன்மை அடையலாம். புறத்தே புரி அழகாயிருக்கும்; உள்ளே வெடிப்பு இருக்கின்றதோவென்று காணுங் கருவி எம்மிடம் இல்லை. மட்காட்டையோ கதவின் கீலையோ ஒட்டலாம். பிழைத்தால் மீண்டும் ஒட்டலாம். பாரம் தொங்கும் இவ்விடத்திற் பிழை முன்னறிவித்து வருவதில்லை. சிறுவனின் நெற்றித் தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

ஆசிரியர் எம்மீது மனத்தாங்கல் கொண்டார். திருமணத்துக்கு வாடகை வான் ஒன்று பிடித்தனர். நாமும் சென்றோம், அவர் எம்மை உபசரித்தாரேனும் அதிகம் பேசவில்லை.

பூட்டல்

உறுப்புக்கள் வந்தபின் பூட்டும் வேலை மூன்று சனிக்கிழமைகளில் முடிந்தது. புதுப் புரியையும் கூட்டையும் நன்கு துடைத்து, கிறீஸ் பூசி, கையாலேயே திருகிப் பார்த்தோம். கையால் ஏறாத புரியைச் சாவியால் ஏற்றலாகாது. கூட்டை முழுவதும் ஏற்றியபின் சிறிது பின்வாங்கவேண்டும். இன்றேற் சுக்கானை ஒருபுறம் முற்றாகத் திருப்பும்போது புரி அடியில் முட்டி நெருக்குண்ணும். இருபுறமும் முற்றாகத் திருப்பி, எங்கும் முட்டாமையை உறுதிசெய்தோம்.

றப்பர் புஸ்களைப் பற்றி மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி நன்று. "எல்லாச் சுரைகளையும் இப்பவே இறுக்கினால் என்ன, சேர்?" என்றார். மேற் புரிக்கூடு, கீழ்க் கையின் உள்மூட்டு, இழுதண்டு ஆகியவற்றில் றப்பர் உண்டு. அது வழுக்கிச் சுழலாது. தானே முறுகி அசைவுக்கு இடங்கொடுப்பது. சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை நிலத்தில் இறக்கும்போதே றப்பர் பாதி முறுகிவிடும்; பின்னர் ஒவ்வொரு குலுக்கத்திலும் அளவுக்குமேல் முறுகி விரைவிற் கிழியும். ஆதலால் அச்சுரைகளை முதலிற் தொட்டும் தொடாமலும் ஏற்றி, காரைச் சில்லுக்களில் நிறுத்தி, முன்னும் பின்னும் சிறிது உருட்டி, அது தன் இயல்பான உயரத்தில் அமர்ந்த பின்னரே இறுதியாக இறுக்கவேண்டும். றப்பரிற் கிறீஸோ எண்ணெயோ படலாகாது. பட்டால் ஊதி மெலியும்.

கார் ஒருபக்கம் தாழ்ந்து நின்றால், முறுக்குத்தண்டின் பின்முனையிலுள்ள நெம்பின் துளைகளை மாற்றி உயரத்தைச் சரிசெய்யலாம். எம் காரில் இடப்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. ஒரு துளை மாற்றியதும் நேராயிற்று. கடைசியாக, முற்சில்லுக்கள் இரண்டும் முன்பக்கத்தில் ஓர் அங்குலத்தின் 32இல் 3 பங்கு ஒடுங்கி நிற்குமாறு சுக்கான் தண்டுகளைத் திருத்தினோம். இவ்வொடுக்கம் பிழைத்தால் டயர் சில நூறு மைல்களிலேயே ஓரந்தேயும்.

பின் மாணவரே ஜக்கைக் கீழ்க் கையின்கீழ் வைத்து, நெம்பி, விரல் வைத்துச் சோதித்தனர். முதியவர் தாமும் குனிந்து விரலை வைத்துப் பார்த்து, "இனிக் காணும்" என்றார்.

பேணல்

இவ்வளவு வேலைக்கும் செலவுக்கும் வேராயிருந்தது ஒரு கரண்டி கிறீஸ் இல்லாமையே. மைனரின் பழைய கையேடு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிங்பின் நிப்பிள்களிற் கிறீஸ் செலுத்தும்படி கூறுகின்றது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலொன்று கீழொன்றாக நான்கு நிப்பிள்கள் உள. பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி, அதன்பின் புதுக் கிறீஸ் தோன்றும்வரை செலுத்தவேண்டும். பிதுங்காவிடின் வழி அடைபட்டுள்ளது. நிப்பிளைக் கழற்றித் துளையைத் துப்புரவாக்குக. எம் ஊரில் மாரி முடிந்தவுடன், மைல் கணக்கை நோக்காது ஒருமுறை செலுத்துதல் நன்று. ஆண்டுக்கொருமுறை மேற்கூறிய சோதனையைச் செய்க. இரண்டுக்கும் சேர்த்து ஒருமணி நேரம் போதும்.

மைனர் மட்டுமன்றி, பழைய கார் எதுவாயினும் இவ்விதி பொருந்தும். வில்லும் கைகளும் வேறு வகையாயிருக்கலாம். மூட்டுக்கள் வேறிடங்களில் இருக்கலாம். முதலில் அறியவேண்டியது பாரம் எவ்வழியாற் செல்கின்றது என்பதே. அதன்பின்னரே ஜக்கை எங்கே வைப்பது, எதனை ஆட்டிப்பார்ப்பது என்பன தெரியவரும். அவ்வழியை அறியாது செய்யும் சோதனை, சோதனை செய்தோம் என்னும் திருப்தியை மட்டுமே தரும். அத்திருப்தி சோதனை செய்யாமையினும் தீது. ஏனெனிற் செய்யாதவன் ஐயத்தோடாவது ஓட்டுவான்.

ஆசிரியர் இப்போது எம்மோடு பழையபடி பேசுகின்றார். காரின் முன்பலகையினுள்ளே சிறு அட்டையொன்றை ஒட்டிவைத்திருக்கின்றார். கிறீஸ் செலுத்திய நாளும் மைலும் அதிலே கணித ஆசிரியருக்குரிய தெளிந்த கையெழுத்தில் நிரைநிரையாக உள்ளன. சென்ற கிழமை அவர் வீட்டுக்குச் சென்றபோது, நெற்றியிற் தழும்புள்ள சிறுவன் முற்றத்திலே காரின் பக்கத்திற் குந்தியிருந்தான். பாட்டனார் அடியிற் படுத்தபடி, "வருதோ?" என்று கேட்டார். அவன் குனிந்து பார்த்து, "பழசுதான் வருது, அம்மப்பா… இன்னும் அடியுங்கோ… இப்ப புதுசு வருது" என்றான்.